சாட்டிலைட்டுக்குக் காட்டிய முந்தானை

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை மொட்டை மாடிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். என் மனைவி எங்கள் கல்யாண முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வானத்தைப் பார்த்து நிற்கிறாள்.

"என்னா இது, இந்த நேரத்துல?"

"சும்மா இருங்க. சாட்டிலைட்டு வந்துகினு இருக்குது. நம்ம பொண்ணு என்னைப் பாக்கட்டும்."

எங்கள் மகள் எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். ஜெர்மனியில் ஆராய்ச்சி. செயற்கைக்கோள் மைக்ரோவேவ் அலைகளைக் கீழே அனுப்புமாம். வயலிலும் ஏரியிலும் கூரையிலும் பட்டு அவை சிதறுமாம். எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து, மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று அங்கிருந்தே சொல்லிவிடுவாள்! மேகம், மழை எதுவும் தடையில்லை.

முந்தைய வாரம் போனில் சொல்லியிருக்கிறாள்: "செவ்வாக்கெழமை காலையில நம்ம ஊர் மேல போவுதும்மா. உலோகம்னா பளிச்னு தெரியும்."

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு உலோகம் என்றதும் எது ஞாபகம் வரும்? ஜரிகைதான். அதுவும் முகூர்த்தப் புடவை முந்தானையில் அசல் வெள்ளி ஜரிகை... அப்புறம் கேட்க வேண்டுமா?

சிரிக்க நினைத்தேன். முடியவில்லை. மகள் வந்து மூன்று தீபாவளி போய்விட்டது. டிக்கெட் பார்க்கிறேன் என்பாள். அதற்குள் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். எனக்கு மட்டும் ஏக்கம் இல்லையா? வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பேசாமல் போய் முந்தானையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மகள் படம் அனுப்பினாள். கறுப்பு வெள்ளையில் ஆரணி. ஏரி கறுப்பு, ஊர் வெள்ளை. மனைவி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினாள். அவளைக் காணோம்.

வீடியோ காலில் விஷயத்தைக் கேட்டதும் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம வீடே அதுல ஒரு புள்ளிதாம்மா. நீ எப்பிடித் தெரிவ?"

அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். குரலை இறக்கிச் சொன்னாள். "இவ்ளோ தூரத்துல இருந்து, தொடாமலே ஒரு எடத்தைத் தெரிஞ்சிக்கிறோம்மா. அதுதான் என் படிப்பு."

"எனக்கு அந்தப் படிப்பு ஏறலடி. தொட்டாத்தான் எனக்குத் தெரியும். ஜல்தி கெளம்பி வா."

திரையில் மகளின் முகம் அசையவே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை... மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்கு வரேம்மா."

இதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறாள்தான் — அழுதுகொண்டே சொன்னது இதுதான் முதல் தடவை.