பயந்தால் வருவாள் என்று நினைத்தேன்

என் மகளைப் பயமுறுத்த நினைத்தவள் நான்தான். அதை மறைத்து எழுதப் போவதில்லை.

காலாண்டு விடுமுறைக்குக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள். ஏழு வயது. எனக்கும் அவள் அப்பாவுக்கும் ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? ஒன்றரை வயதிலேயே என் தங்கையிடம் விட்டுவிட்டோம். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்களே, அதை நம்பித்தான் விட்டேன். வந்து நான்கு நாளாகியும் ஒரு சதையும் ஆடவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், குளிக்கச் சொன்னால் குளித்தாள். விருந்துக்கு வந்த பிள்ளைபோல அத்தனை ஒழுங்கு. ஒரு தடவைகூட ஓடிவந்து என்மேல் விழவில்லை. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் அந்தப் படம். ஏரியிலிருந்து ஒரு ராட்சத மிருகம் கிளம்பி வந்து ஊரை மிதிக்கும் பழைய வெளிநாட்டுப் படம், தமிழில் பேசும். இவள் வயதில் அதைத் தியேட்டரில் பார்த்தபோது, மிருகத்தின் முதுகு தண்ணீருக்கு மேல் வந்ததுமே நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துவிட்டேன். இடைவேளையில் முறுக்கு வாங்கித் தந்த பிறகுதான் தலையை நீட்டினேன். இவளும் அப்படி வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடியில் எங்கள் ஒற்றை அறை. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, செல்போனைத் தண்ணீர் கேன்மேல் சாய்த்து வைத்தேன். காய்ந்த துணியை எடுக்க வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, பட்டப்பகல்ல வூட்ட இருட்டாக்கிக்கினு கீற?"

"படம் பாக்கோம்க்கா."

"கொழந்தைக்கு இதையா காட்டுவ? ராவுல தூங்குமா அது?" என்று திட்டிவிட்டுப் போனார்.

நியாயமாகச் சொன்னால், படத்தில் இப்போது பயப்படப் பெரிதாக ஒன்றும் இல்லை. மிருகத்தின் தோல் மழைக்கோட்டு மாதிரி மடிகிறது. ஓடுகிற வெள்ளைக்காரர்கள் "மச்சி, எஸ்கேப் ஆயிடு" என்று கத்துகிறார்கள். நானே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த முதுகு தெரிவதற்கு முன்னால், தண்ணீர் சும்மா கிடக்கிற ஒரு நிமிடம் இருக்கிறதே, அது மட்டும் அன்றைக்குப் போலவே இருக்கிறது. சத்தமே இல்லை. இந்த வயதிலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவளும் பயந்துவிட்டாள். பாவாடையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாயிலிருந்து நகர்ந்து நகர்ந்து சுவரோரமாகப் போனாள். என் பக்கம் வரவில்லை. நான் இரண்டு கையையும் விரித்து, "வா குட்டி" என்றேன். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அழத் தொடங்கினாள்.

"படத்த நிப்பாட்டிட்டு சித்திக்குப் போன் போட்டுத் தாங்க" என்றாள்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். தங்கைமேல் கோபம், அப்புறம் என்மேலேயே கோபம். ஆனாலும் பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் தங்கையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன். படத்தில் வந்த மிருகத்தைப் பற்றி விக்கி விக்கிச் சொன்னாள்.

"ஏட்டி, அது பொம்மைட்டி. உள்ள ஆள் நின்னு ஆட்டுதான். ஒண்ணும் செய்யாது" என்றாள் தங்கை. அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது. பிறகு தங்கையே சொன்னாள்: "அம்மா பக்கத்துல இருக்கால்லா? போ, அம்மா மடியில தலைய வச்சுப் படுத்துக்கோ."

"சரி சித்தி."

எழுந்து வந்தாள். மடியில் தலையை வைத்தாள். வைத்தாளே தவிர, கழுத்தை விறைப்பாகவே பிடித்திருந்தாள். தலையின் பாரம் என்மேல் இறங்கவே இல்லை. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அவள் முடியைக் கோதினேன்.

அவள் போனை வாயருகே கொண்டுபோய், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் படுத்திருக்கணும் சித்தி?"