கண் வாங்கப் புதுச்சேரி போனோம்

கோயில், அருவி, எந்த ஊரில் எந்த மெஸ் என்றுதான் இங்கே வழக்கமாக எழுதுவேன். இந்த முறை ஒரு கண் வாங்கப் போன கதை. போன பிப்ரவரியில் விழுப்புரத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் போனோம். இதே வேலையாகப் போகப்போகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாம் அலையில் இவருக்குக் கரும்பூஞ்சை வந்தது. உயிரைக் காப்பாற்ற இடது கண்ணையும் மேல் தாடையில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் மகள் யாழினி அப்போது கைக்குழந்தை. போன வருஷம் இவர் காலிலிருந்தே எலும்பு எடுத்துத் தாடை கட்டினார்கள். எங்கே வெட்டுவது, எப்படிப் பொருத்துவது என்று முன்னாடியே கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்களாம். இப்போது முறுக்கு கடிக்கிறார். கண் இருந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பட்டை.

யாழினியை எல்.கே.ஜி.யில் சேர்த்து ஒரு வாரம் இவர்தான் கொண்டுபோய் விட்டார். அப்புறம் ஒருநாள் அவள், "நீ வராதப்பா. பசங்க பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு இவர் சாப்பிடவே இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், இவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்குள் இறங்கிவிடலாம். யாழினியை என் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி வேலைக்குக் குழந்தை எதற்கு என்று நினைத்தேன், எல்லா அம்மாக்களும் அப்படித்தானே நினைப்பார்கள். வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்தோம். நாளைக்கு எண்ணூறு ரூபாய், ஜன்னலைத் திறந்தால் கட்டுமரமும் மீன் வாடையும் இலவசம்.

செயற்கைக் கண் செய்கிற கிளினிக்கில் டாக்டரம்மா இவர் முகத்தை ஸ்கேன் எடுத்து, வலது பக்கத்தை அப்படியே திருப்பி இடது பக்கமாகத் திரையில் வைத்தார். வலது கண்ணுக்குக் கீழே இவருக்கு ஒரு மச்சம் உண்டு. அது இடது பக்கமும் வந்து நின்றது. ஒரே முகத்தில் இரண்டு வலது பக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அந்த மச்சத்தை அழித்தார்.

அடுத்த சில நாட்களில் அச்சு எடுத்து, சிலிகானில் இமை செய்து, இவர் தோலைப் பார்த்துப் பார்த்து நிறம் ஏற்றினார்கள். இமைமுடியை ஒவ்வொன்றாக நட்டார்கள். தாடை கட்டியபோதே எலும்பில் பதித்திருந்த காந்தத்தில் அது 'டக்' என்று போய் ஒட்டிக்கொள்ளும். பார்வை வராது, பார்க்கிறவர்களுக்காக உள்ள கண் அது.

கருவிழியை உட்கார வைக்கும் முன், "இது அசையாது சார். எந்தப் பக்கம் பாக்குற மாதிரி வெக்கிறமோ அப்டியேதான் பாக்கும். அக்கா, நீங்க எதிர்ல நில்லுங்க" என்றார் டாக்டரம்மா. நான்கு அடி தள்ளி நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அளந்து கண்ணைப் பதித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அன்று மத்தியானம் அறையில் இவர் அதைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே தூங்கிவிட்டார். ஒரு கண் மூடியிருக்க, இன்னொன்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குறட்டை விடுகிற மனிதருக்குள்ளே வேறு யாரோ முழித்திருக்கிற மாதிரி இருந்தது. நான் எழுந்து போய் வெளியே நின்றுகொண்டேன்.

சாயங்காலம் ஆட்டோவில் போகும்போது டிரைவர் இரண்டு தடவை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், என்னையே மொறைச்சிக்கினு வர்றீங்க?" என்றார்.

இவர் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் வந்தார். வலது கண் கடைகள் மேல் இருந்தது, இடது கண் டிரைவர் மேல். சிரித்துச் சமாளித்தோம். ஆனால் இறங்கும்வரை டிரைவர் அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் தங்கை யாழினியைக் கூட்டிக்கொண்டு பீச் ரோட்டுக்கு வந்தாள். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை சீவி நின்றார். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு, யாழினி அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா யாரம்மா பாக்குறாரு?" என்றாள்.

"உன்னத்தாண்டி."

"இல்ல. அந்தக் கண்ணு எம் பின்னாடி நிக்கிறவங்களப் பாக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். கருங்கல் பாறைகளும் அதற்கப்பால் கடலும்தான் இருந்தன. அவளும் திரும்பிப் பார்த்தாள், பிறகு அப்பாவை, பிறகு மறுபடி கடலை. "யாரு அங்க?" என்று கேட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். இவர் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைக் கழற்றிப் பையில் போட்டு, பழைய பட்டையைக் கட்டிக்கொண்டார். உடனே யாழினி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இவர் அவளைத் தூக்கவில்லை, அப்படியே நின்றார்.

நடந்ததை டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னோம். "பாப்பாவ நீங்க அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கண் என் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள் என் இடுப்புக்குத்தான் வருவாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் வேறு கண் செய்தோம். இந்த முறை நான்கு அடி தள்ளி யாழினி நின்றாள். "ஆடாத, அப்பா உன்னப் பாக்கணும்ல" என்று நான் சொன்னதும் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். பொருத்தி முடித்ததும் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப என்னத்தான் பாக்குது" என்றாள்.

இப்போது தினமும் இவர்தான் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். தனியாகக் கடைக்குப் போனால் மட்டும் ஒரு சங்கடம். எதிரில் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டு, குழந்தை ஏதும் நிற்கிறதா என்று குனிந்து தேடுவார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடலோரத்தில் வெயிலும் வியர்வையும் சிலிகானுக்கு ஆகாது, குடை கொண்டுபோங்கள். தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் படுப்பவருக்கும் அதுதான் நல்லது. எல்லாவற்றையும்விட, அந்தக் கண் யாரைப் பார்க்கவேண்டுமோ அவரைக் கூடவே கூட்டிப்போங்கள்.

நிறம் மங்கிவிடுமாம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யவேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் யாழினியைத்தான் எதிரில் நிறுத்துவதாக இருக்கிறோம். அவள் வளர வளர அந்தக் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். இப்போது நான் எதிரில் நின்றால் அது என் இடுப்பைப் பார்க்கிறது. என் முகத்துக்கு ஏறிவர இன்னும் பத்து வருஷமாவது ஆகும். பரவாயில்லை, இருக்கிறேன்.