வெட்டுக் கோட்டுக்கு வெளியே

அம்மா ஓர் அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஓவியர்கள் அனுப்பும் படங்களை அச்சு இயந்திரத்துக்கு ஏற்றபடி தயார் செய்வது அவள் பொறுப்பு. பக்கத்தின் ஓரம் வரை படம் வர வேண்டுமானால், வெட்டுக் கோட்டைத் தாண்டியும் படம் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர். ஓவியர்கள் இதை மறந்துவிடுவார்கள். அம்மா வரைந்து நீட்டுவாள். வானத்துக்கு இன்னும் கொஞ்சம் வானம், பூனைக்கு இன்னும் கொஞ்சம் வால். எல்லாம் வெட்டுப்பட்டுக் கூடைக்குப் போகும். அச்சகத்தில் அவள் பெயர் ‘மூணு மில்லி அக்கா’.

நான் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர்.

“உன் பாலம் மூணு மில்லி நகர்ந்தா என்னடி ஆகும்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“ஒண்ணும் ஆகாதும்மா. வெயிலுக்கே அதைவிட நகரும்.”

“அப்ப உனக்குக் குடுக்கிற சம்பளம் அநியாயம்.”

கெட்ட செய்தி சொல்வதும் அவள் வேலைதான். திரையில் மின்னும் நீலம் மையில் வராது. மங்கித்தான் விழும். மாதிரித் தாளைப் பார்த்து ஓவியர்கள் முகம் சுண்டிப்போகும். “திரைக்குப் பின்னாடி விளக்கு எரியுது கண்ணு. காகிதத்துக்குப் பின்னாடி யாரு விளக்கு பிடிக்கிறது?” என்பாள். பிறகு அந்த நீலத்தைச் சுற்றியிருக்கும் நிறங்களைக் கொஞ்சம் அடக்குவாள். நீலம் தானாக எழுந்து நிற்கும். முழுதாக அல்ல. ஆனாலும் அவர்கள் கையெழுத்துப் போடும் அளவுக்கு.

அம்மாவுக்கு மூளையில் கட்டி. கண்டுபிடித்த பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அச்சக முதலாளி அழைத்தார். “இப்ப கேட்கக் கூடாதுதான்மா. குழந்தைங்க புத்தகம் ஒண்ணு, அக்கா ஒரு பக்கம் பாக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. வேற ஆளை வெச்சுப் போட்டா ஒட்டுப் போட்டது தெரியுது. படம் போட்ட பொண்ணுக்கு இதுதான் முதல் புத்தகம். நாளைக்கு மெஷின்ல ஏத்தலைன்னா பாடப்புத்தகம் ஏறிடும். அப்புறம் ரெண்டு மாசம் அந்தப் பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியாது.”

எனக்கு வரையும் மென்பொருள் தெரியும். சிறு வயதில் அவளே சொல்லிக்கொடுத்தது. போனேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். அவள் நீட்டி வரைந்ததெல்லாம் படத்தோடு ஒட்டாமல் தனி அடுக்காக, தனி லேயரில் இருந்தது. ஓவியரின் படத்தை மறைத்தால் நடுவில் வெள்ளை, சுற்றிலும் சட்டம் போல அம்மாவின் கோடுகள் மட்டும். முதல் பக்கங்களில் ஒரே இழுப்பில் போட்ட கோடுகள். பாதிப் புத்தகத்துக்குப் பிறகு துண்டு துண்டாக, நெளிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக.

அப்பாவை அழைத்தேன்.

“அம்மாவுக்குக் கை நடுங்கிச்சாப்பா?”

“டம்ளர் பிடிக்கிறப்ப. டாக்டர்கிட்ட போலாம்னேன். இந்தப் புத்தகம் முடியட்டும்னா.”

“என்கிட்ட யாருமே சொல்லலை.”

“உனக்கு லீவு கிடைக்காதுன்னு சொல்லிட்டா.”

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். மூக்கில் மாவு ஒட்டிய ஒரு கரடி. இதற்காகவா. மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பாக்கியிருந்த பக்கத்தை முடித்தேன். நடுங்கிய பக்கங்களை முதலாளியிடம் காட்டினேன்.

“அது வெட்டுப்பட்டுப் போறதுதானேம்மா. விடு.”

வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பின்னால் நின்றிருந்தார். “எல்லாத்துலயும் போகாது. வெட்டுறப்ப தாள் கட்டு நகரும். எந்தக் கட்டு நகரும்னு எனக்கே தெரியாது.”

“நீ வாயை மூடு” என்றார் முதலாளி.

“என் வாயை மூடினா கட்டு நகராம இருக்குமா?”

பார்ப்பவர்களுக்கு அது யாருடைய நடுக்கம் என்று தெரியாது. மோசமாக அச்சான புத்தகம் என்றுதான் தெரியும். படம் போட்ட பெண்ணின் பெயர் அட்டையில் இருக்கிறது.

“திரும்பப் போடறேன்” என்றேன்.

முதலில் குறுக்கு வழியில் போனேன். பக்கத்திலிருந்த மேகத்தை நகலெடுத்து ஓரம் முழுக்க ஒட்டினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, ஒரே மேகம் மூணு இடத்துல பஸ்ஸுக்கு நிக்குது.” அழித்துவிட்டுக் கையால் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கோட்டை அழித்தால்தான் என் கோட்டுக்கு இடம். அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும். அதை அழுத்தவே அதிக நேரமானது. வரைந்தது சீக்கிரம் முடிந்தது. அண்ணன் டீ வாங்கி வைத்தார். ஆறிய பிறகுதான் குடித்தேன்.

கடைசிக்கு முந்தின பக்கம் புல்வெளி. அம்மாவின் கோடுகளை அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்துவிட்டு மேலே புல் வரைந்தேன். என் புல் கம்பி வேலி மாதிரி நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. என்னுடையதை அழித்துவிட்டு அவளுடையதைத் திரும்பக் காட்டினேன். நெளிந்து, உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, ஓவியரின் புல்லோடு சேர்ந்து நின்றது. எங்கே ஓவியர் முடிந்து எங்கே அம்மா ஆரம்பிக்கிறாள் என்று பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை.

லேயர்களை ஒன்றாக்கி அச்சுக்கு அனுப்பினேன்.

“புல்லை மட்டும் விட்டுட்டியே” என்றார் அண்ணன்.

“அது சரியா இருக்குண்ணே.”

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார். “ஆமா” என்றார். கத்தி மாற்றப் போய்விட்டார்.