நம் நாட்டின் மிக நீளமான ஆறு

நான் டிவியில் வந்த அன்று என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. குரலை மட்டும்தான் கேட்டார்கள். முகத்தைப் பார்த்திருந்தால் அதிலிருந்த பயத்துக்காகவாவது கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பார்கள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படியும் நினைப்பதில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. பாண்டிச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பக்கம், போலகத்தில் வீடு. அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. அந்த வயலில் எனக்கு ஒரு வேலையும் தெரியாது, ஏனென்றால் நான் படித்தவன். வரலாற்றில் பி.ஏ. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுக்கு எழுதிப்போட்டால் நீ பாண்டிச்சேரிக்காரன் என்பார்கள். பாண்டிச்சேரியில் கேட்டால் காலியிடம் இல்லை என்பார்கள். மிச்சமிருந்தவை வங்கித் தேர்வும் ரயில்வே தேர்வும். அவற்றில் பொது அறிவில் அள்ளுவேன், கணக்கில் மண்ணைக் கவ்வுவேன். மங்கோலியாவின் தலைநகரம் தெரிந்தவனுக்கு வட்டிக் கணக்கு தெரியவில்லை என்றால் எந்த வங்கி சேர்த்துக்கொள்ளும்?

அம்மாவின் தம்பி, என் மாமா, திருமலைராயன்பட்டினத்தில் உரக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரே மகள். அவள் எனக்குத்தான் என்பது நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இரண்டு வீட்டிலும் பேசி வைத்தது. எங்களுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதுவது பொய்யடக்கம். அவளைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்ததே கிடையாது. ஆனால் எனக்கு வேலை கிடைக்காமல் போன ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் மாயவரம் பக்கத்திலிருந்து அரசாங்க வேலையில் இருந்த ஒருவனின் ஜாதகம் மாமா வீட்டுக்கு வந்தது.

அந்த வருஷம்தான் மாமா டிவி வாங்கினார். கறுப்பு வெள்ளை. மாடியில் தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். சென்னையை நோக்கித் திருப்பினால் திரை முழுக்கப் புள்ளிதான். கடல் பக்கம் திருப்பினால் இலங்கை பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் டிவி வைத்திருந்தவர்கள் எல்லோரும் இலங்கையைத்தான் பார்த்தார்கள். கொழும்பில் நாளை மழை பெய்யுமா என்று எங்களுக்குத் தெரியும்.

அதில் வாரம் ஒருமுறை தமிழில் பொது அறிவுப் போட்டி வரும். மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அங்கே போட்டிக்கு வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். ஒரு நாள் மாமா வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

“இவ்ளோ தெரிஞ்சு என்னடா பிரயோஜனம்? நீயும் ஒரு நாளு டிவியில போயி ஜெயிச்சிட்டு வா. அந்த மாயவரத்தானுக்கு இல்லேன்னு சொல்லிடுறேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அத்தையும் சிரித்தாள். நானும் மாமா மகளும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொன்னதை நாங்கள் வாக்காக எடுத்துக்கொண்டோம். வேறு எதுவும் கையில் இல்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கொஞ்ச நாளில், சென்னை நிலையம் நடத்தும் போட்டிக்கு ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் வந்தது. அந்த நிகழ்ச்சியை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. எங்கள் திரையில் அது வெறும் இரைச்சல். ஆனாலும் தபால் அட்டை போட்டேன். தஞ்சாவூரில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். தேறினேன். பி.ஏ.வுக்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் தேறிய ஒரே தேர்வு அதுதான், அதில் கணக்கு இல்லை.

அன்றிலிருந்து அவள் எனக்கு வாத்தியார் ஆனாள். இலங்கைப் போட்டியில் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள், பதிலோடு. முத்து முத்தான கையெழுத்து. மத்தியானம் மாமா கடையில் இருக்கும்போது நான் சைக்கிளில் போய்விடுவேன். அத்தை அடுக்களையிலிருந்து ஒரு கண் வைத்திருக்க, அவள் கேள்வியை முழுக்க வாசித்து முடித்து, டபராவில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டுவாள். அதற்குப் பிறகுதான் நான் பதில் சொல்ல வேண்டும். இலங்கைப் போட்டியில் அதுதான் விதி. கேள்வி முடிந்து மணி அடிக்குமுன் வாயைத் திறந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள்.

“அவசரப்படாதீங்க அத்தான். மணி அடிக்கட்டும்,” என்பாள். ஆரம்பத்தில் தினமும் நாலு தடவையாவது திட்டு வாங்கினேன். ஒரு மாதத்தில் என் நாக்கு அவள் சொன்னபடி கேட்டது. இருநூறு கேள்வி கேட்டாலும் ஸ்பூன் சத்தத்துக்கு முன்னால் ஒரு எழுத்து வெளியே வராது. நாங்கள் அதைப் பெரிய சாதனை என்று நினைத்தோம்.

சென்னைக்குப் புறப்பட்ட அன்று மாமா பஸ் ஏற்றிவிட வந்தார். அவள் வரவில்லை, வரவும் முடியாது. முதல் நாளே நோட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வழி முழுக்க அதைத்தான் படித்தேன்.

ஸ்டூடியோவில் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும், வெள்ளை கூடாது, விளக்கு வெளிச்சத்தில் கூசும் என்றார்கள். அங்கே வேலை செய்த ஒருவருடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டார்கள். எனக்கு அது இரண்டு சுற்றுப் பெரிது. முகத்தில் பவுடர் அப்பினார்கள். என்னோடு ஒரு கல்லூரிப் பெண், ஒரு வங்கிக்காரர், ஒரு பள்ளி ஆசிரியர். ஆளுக்கொரு மேசை, மேசையில் ஒரு பொத்தான், பொத்தானை அழுத்தினால் எரியும் ஒரு சிவப்பு பல்பு.

கேள்வி கேட்பவர் விதியைச் சொன்னார். பதில் தெரிந்தவுடன் பொத்தானை அழுத்தலாம். கேள்வி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். யார் பல்பு முதலில் எரிகிறதோ அவருக்குத்தான் வாய்ப்பு. எனக்கு நன்றாகப் புரிந்தது. தலையைக்கூட ஆட்டினேன்.

முதல் கேள்வி பாதியில் இருக்கும்போதே அந்தப் பெண்ணின் பல்பு எரிந்தது. எனக்கும் பதில் தெரியும். இரண்டாவதற்கு வங்கிக்காரர். அதுவும் தெரியும். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தடவையும் என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. ஆனால் கேள்வி முடிய வேண்டும், ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்று உடம்பு காத்திருந்தது. அழுத்துடா, அழுத்துடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் வேறு மேசையில் சிவப்பு வெளிச்சம் வந்துவிடும். மங்கோலியாவின் தலைநகரத்தையே கேட்டார்கள். அந்த ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற மூவரும் மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டே போக, நான் பெரிய சட்டைக்குள் வேர்த்துக்கொண்டு நின்றேன். கடைசிச் சுற்று முடிந்தது. கேள்வி கேட்பவர் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

“காரைக்கால் நண்பரை வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல,” என்றார். “பொத்தானைத் தொட வேணாம். இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும். நம் நாட்டின் மிக நீளமான ஆறு எது?”

“மகாவலி,” என்றேன்.

அன்று நான் பேசியதிலேயே தெளிவாக, உரக்க வந்த சொல் அது ஒன்றுதான். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த கேள்வி. நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். இலங்கையின் மிக நீளமான ஆறு அது. கங்கை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். எனக்கு அந்த நிமிஷம் கங்கை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில்லை.

அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, “தம்பி, நீங்க எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் ஜனங்கள் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தக் கேள்விக்குச் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. வந்தது. நானும் சிரித்தேன் என்பதுதான் கேவலம்.

ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருந்தது. முடிவை யாரிடமும் வெளியிடக் கூடாது என்று ஸ்டூடியோவில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யார் கேட்டாலும், “சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன்,” என்றேன். தோற்றவன் இவ்வளவு அமைதியாக இருக்க மாட்டான் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. மாமா என்னை டா போட்டுக் கூப்பிடுவதை நிறுத்தினார். “வாங்க மாப்ள,” என்று கடையில் நாலு பேர் கேட்கும்படி அழைத்து, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். மாயவரத்துக்குப் பதில் போடாமல் தள்ளிவைத்தார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லை. அந்த மூன்று வாரம்போல் நான் பிறகு எப்போதும் வாழ்ந்ததில்லை. ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போவேன். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. தெருவே வந்திருந்தது. போலகத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மாடியில் ஒருவர் நின்று ஆன்டெனாவை வடக்கே திருப்பினார். “வருதா? வருதா?” என்று மேலிருந்து குரல். திரையில் புள்ளிகள். இலங்கையே குறுக்கே வந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளட்டும் என்று நான் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினேன்.

படம் வரவில்லை. சத்தம் வந்தது. மழை பெய்வதுபோல் இரைந்துகொண்டிருந்த திரைக்குப் பின்னாலிருந்து கேள்வியும் பதிலும் தெளிவாகக் கேட்டன. கல்லூரிப் பெண் சொன்னாள், வங்கிக்காரர் சொன்னார், ஆசிரியர் சொன்னார். என் குரலையே காணோம். “மாப்ள, நீங்க எங்க?” என்று மாமா கேட்டார். “வரும்,” என்றேன்.

பிறகு அந்த நல்ல மனிதரின் குரல் வந்தது. நம் நாட்டின் மிக நீளமான ஆறு எது?

கூடத்தின் ஓரம், அடுக்களை வாசலிலிருந்து, “மகாவலி,” என்றாள் அவள். பழக்கம். பெருமையாக, எல்லோருக்கும் கேட்கும்படி. அடுத்த நொடி பெட்டியிலிருந்து என் குரலும் அதையே சொன்னது. பிறகு அந்தச் சிரிப்பு.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாமா என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, மகளைத்தான் பார்த்தார். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. யாரோ டிவியை அணைத்தார்கள். வந்தவர்கள் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல், மரியாதையாகக் கலைந்தார்கள். அப்பா முதல் ஆளாக வெளியே போய்விட்டார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி,” என்றார் மாமா. அவர் என்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. வழிப்போக்கனுக்குச் சொல்வது அது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நான் சைக்கிளை எடுக்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வந்தாள்.

“நான் மணி அடிச்சு அடிச்சுப் பழக்கிட்டேன். அந்த ஆத்தையும் நான்தான எழுதிக் குடுத்தேன். என்னாலதான அத்தான் எல்லாம் போச்சு?” என்று கேட்டாள். அழவில்லை. பதிலுக்காக நின்றாள்.

ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டும். நான் சென்னைக்குப் போவதற்குப் பத்து நாள் முன்னால் அவளே கேட்டாள்: இலங்கை ஆறும் மலையும் நமக்கு எதுக்கு, நோட்டுல அடிச்சிடவா? சென்னையில வேற மாதிரி மணி இருந்தா என்ன பண்றது, யாரையாச்சும் கேளுங்களேன். எனக்குக் கோபம் வந்தது. ப்ளஸ் டூ படித்தவள் பி.ஏ. படித்தவனுக்குச் சொல்லித் தருவதா என்கிற கோபம். போட்டின்னா எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், எனக்குத் தெரியும், நீ வாசி என்று அதட்டினேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு மேலே வாசித்தாள்.

சைக்கிள் பக்கத்தில் நின்றபோது அது அவளுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. தெருவே பார்க்க மானம் கப்பலேறிய நேரத்தில், அந்தப் பாரத்தில் ஒரு துளியாவது வேறு யார்மேலாவது இறங்கினால் போதும் என்று இருந்தது எனக்கு.

“ஆமா,” என்றேன்.

தை மாதம் அவளுக்கு மாயவரத்தில் கல்யாணம். நான் போய்ப் பந்தியில் சாம்பார் ஊற்றினேன். மணமேடையிலிருந்து இறங்கி வந்து புருஷனோடு என் முன்னால் நின்றவள், யாருக்கும் கேட்காமல், “மன்னிச்சிடுங்க அத்தான்,” என்றாள்.

“பரவால்ல விடு,” என்று சொல்லி, அவளை மன்னித்தேன்.