பப்பாளி மரத்தடியில் ஒரு கல்

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை ஆனையூரில் ஒரு வீட்டை விலை பேசினோம். பத்திரம், வில்லங்கம், வாஸ்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வேயரை வைத்து அளக்க வேண்டும் என்றார் என் கணவர். "காம்பவுண்டு போட்ட வீட்டை என்னத்த அளக்கப் போறீங்க?" என்று சண்டை போட்டேன்.

வந்த சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்துவைத்து, தெருமுனையில் இருந்த எல்லைக்கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வந்தார். அடுக்களைச் சுவரை ஒட்டிய பப்பாளி மரத்தடியில் நின்றார். "இங்கன ஒண்ணரை அடி தோண்டுங்க தம்பி, கல்லு இருக்கும்."

வீட்டை விற்கிறவர் சிரித்தார். என் கணவர் தோண்டினார். கடப்பாரை ணங்கென்று பட்டது. மண்ணைத் துடைத்தால், அம்புக்குறி செதுக்கிய எல்லைக்கல்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்தக் காலத்திலோ யாரோ வயலில் நட்ட கல், காகிதத்தில் இருந்த அதே இடத்தில் அசையாமல் நின்றது.

"கல்லுக்கு இந்தப் பக்கம் ஹால் பட்டா நிலத்துல இருக்கு தாயி. அந்தப் பக்கம் அடுக்களை வாய்க்கால் புறம்போக்குல இருக்கு" என்றார் சர்வேயர். பாவம், பன்னிரண்டு வருஷமாக அதில் சமைத்துச் சாப்பிட்ட வீட்டுக்காரருக்கே அது அன்றுதான் தெரியும்.

அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை. இப்போது சொந்தத்தில் யார் வீடு பார்க்கப் போனாலும் நானும் போகிறேன். எல்லாரும் அண்ணாந்து வீட்டைப் பார்ப்பார்கள். நான் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்பேன்.