விருந்தாளிப் புத்தகத்தில் ஒரு சேவியர்

போன வாரம் என் கைப்பேசி ஒரு கேள்வி கேட்டது. சேவியர் என்ற பெயர் இரண்டு தடவை இருக்கிறது, ஒன்றாக்கிவிடவா என்று. ஒருவர் தண்ணீர் லாரிக்காரர், மற்றவர் பல் டாக்டர். வேண்டாம் என்று அமுக்கிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுக்க மனசு சரியில்லை.

காரணம் கேட்டால் முதலில் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். படிப்பு முடித்து நான் பார்த்த முதல் வேலை, தூத்துக்குடியில் ஒரு மனமகிழ் மன்றத்தில் குமாஸ்தா. முன்னால் சீட்டு மேசை, பின்னால் மது அறை. நானோ பக்கத்து ஊரான நாசரேத்துக்காரன், மதுவைத் தொடாத கிறிஸ்தவ வீடு. இருமல் மருந்தில்கூட மது வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்குகிற குடும்பம். 'ஹார்பர் பக்கம் ஆபீஸ்' என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை, பக்கம்தான்.

மது விஷயத்தில் மன்றத்துக்குத் தனி விதி. கடையில் யாரும் வாங்கலாம். இங்கே உறுப்பினருக்கு மட்டும்தான் ஊற்றலாம். அவர் கூட்டிவரும் விருந்தாளிக்கு என்றால், முதலில் விருந்தாளிப் புத்தகத்தில் பேர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியாள் கையில் ஒரு கிளாஸ் இருந்தாலும் உரிமத்துக்கு ஆபத்து. வருடா வருடம் உரிமம் புதுப்பிக்க உறுப்பினர் பட்டியல் அனுப்புவோம். அதை டைப் அடிப்பது என் வேலை.

பழைய பட்டியலில் 'சேவியர் பர்னாந்து' இரண்டு இடத்தில் இருந்தது. முன்னால் இருந்தவன் தூங்கிக்கொண்டே அடித்திருக்கிறான் என்று ஒன்றை நீக்கிவிட்டேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! அந்த ஊரில் தெருமுனையில் நின்று சேவியர் என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து 'என்னலே' என்று குரல் வரும். அதனால்தான் மன்றத்தில் ஒருவர் உப்பு அண்ணாச்சி, இன்னொருவர் இஞ்சின் அண்ணாச்சி. இரண்டு பேருக்கும் ஞானஸ்நானப் பேர் ஒன்றே என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இஞ்சின் அண்ணாச்சி மணப்பாட்டுக்காரர், கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்ந்தவர். மனைவி போன பிறகு தினமும் பதினோரு மணிக்கு வந்து ஜன்னலோரம் உட்காருவார். ஒரே ஒரு ரம், அதுவே மதியம் வரை. "வீட்டுல சுவத்தோடயா பேசச் சொல்லுத?" என்பார். என்னைக் கண்டால், "ஏலே நாசரேத்து, சோடா குடிலே, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பார். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த நாற்காலிதான்.

பட்டியல் அனுப்பிய கொஞ்ச நாளில், ஒரு பகலில் அதிகாரி சோதனைக்கு வந்தார். மது அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் கேட்டு டிக் அடித்தார். உப்பு அண்ணாச்சி முடிந்தது. இஞ்சின் அண்ணாச்சியும் அதே பேரைச் சொன்னார்.

"அந்தப் பேரு முடிஞ்சிட்டே. நீங்க யாரு?"

எங்கள் செயலாளர் முந்திக்கொண்டார். "விருந்தாளி சார். இப்பதான் வந்தாரு, எழுதப் போறோம்." பிறகு புத்தகத்தை இஞ்சின் அண்ணாச்சி முன்னால் நீட்டி, காதோரம் கெஞ்சினார். "அண்ணாச்சி, உப்பு அண்ணாச்சி கூட வந்ததா ஒரு கையெழுத்துப் போட்டிருங்க. இல்லன்னா லைசென்ஸ் போயிரும்."

இஞ்சின் அண்ணாச்சி என்னைத்தான் பார்த்தார். என் தப்பு சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. கோழை நான், வேறென்ன சொல்ல. அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பாதி ரம்மை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதிகாரி எச்சரித்துவிட்டுக் கிளம்பினார். உரிமம் தப்பியது.

மறுநாள் இஞ்சின் அண்ணாச்சி வரவில்லை, அதற்கு மறுநாளும். ஒரு வாரம் பொறுத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்லே. ஆனா விருந்தாளின்னு என் கையால எழுதிக் குடுத்துட்டேன். விருந்தாளி தெனமும் வந்தா நல்லாவா இருக்கும்?"

அடுத்த பட்டியலில் தகப்பன் பேரோடு இரண்டு சேவியரையும் சரியாக அடிக்க வேண்டும் என்றிருந்தேன். அதற்குள் அவர் இறந்துபோனார். அந்த வருடம் பேர் ஒருமுறைதான் வந்தது, பிழையில்லாமல்.

மன்றமும் இப்போது இல்லை. உரிமம் நின்றுபோய், கட்டடம் கன்டெய்னர் ஆபீஸ் ஆகிவிட்டது. புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அவர் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று கடை கடையாக அலைந்தேன். கிடைக்கவில்லை. அவர் விருந்தாளியாகவே போய்விட்டார்.