நாலு கிளாவர்

பதினாறு வருடங்களாக பிரிட்ஜ் சீட்டாட்ட மேஜையில் என் ஜோடி அக்காதான். உடன்பிறந்தவர் அல்ல, நான் வேலை பார்த்த பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை மத்தியானங்களில் மார்த்தாண்டத்தில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் எட்டுப் பேர் கூடுவோம். அதில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும்.

நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கினால் ஒரு பிடி; ஆட்டத்தின் பதின்மூன்று பிடிகளில் பன்னிரண்டை எடுப்பதாக ஏலம் கேட்பதற்கு ஸ்லாம் என்று பெயர். அதற்குத் துணிவதற்கு முன் ஜோடியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வாய் திறந்து கேட்கக் கூடாது; ஏல அட்டைகளே பேச வேண்டும். எங்கள் பழைய முறையில், ஒருவர் நாலு நோ டிரம்ப் என்ற அட்டையை வைத்தால் மற்றவர் தன்னிடம் எத்தனை ஏஸ் என்று பதில் வைப்பார். போன வருடம் அதை நம்பி ஒரு ஸ்லாமில் தோற்றோம். எதிராளி டைமண்ட் ஏஸையும் ராஜாவையும் அடுத்தடுத்து இறக்கி இரண்டு பிடி எடுத்துவிட்டார்.

அதன்பின் நான்தான் வேறு முறைக்குப் போகலாம் என்றேன். டிரம்ப், அதாவது துருப்பு இனம், எதுவென்று ஒத்துக்கொண்டதும், ஏஸ் இருக்கும் வேறு இனத்தைச் சொல்ல வேண்டும். அது வெறும் தகவல். ஜோடி அங்கே பாஸ் சொல்லவே கூடாது; சொன்னால் ஏலம் அதோடு நின்று, அந்த இனமே டிரம்ப் ஆகிவிடும்.

"ஒத்த கேள்வி, ஒத்த பதில். எனக்கு பழசு போரும் மக்கா," என்றார் அக்கா.

"எத்தன ஏஸுன்னு தெரிஞ்சு என்ன செய்ய? எந்த ஏஸுன்னு தெரியாண்டாமா?"

நான் விடவில்லை. மூன்று மாதம் அவர் வீட்டுக்குப் போய்ப் பழக்கினேன். காலையில் சரியாகச் சொல்வதைச் சாயங்காலம் தப்பாகச் சொல்வார். "எனக்கு ஓர்மை நிக்க மாட்டேங்குட்டி," என்பார். ஆடி முடித்த ஆட்டத்தின் ஐம்பத்திரண்டு சீட்டையும் நினைவிலிருந்து ஒப்பிக்கிறவர் அவர். பிடிக்காததால் மனம் வைக்கவில்லை என்று நினைத்து, இரண்டு முறை கோபித்துக்கொண்டேன்.

நாகர்கோவிலில் நடந்த போட்டியில் நான் ஒரு ஸ்பேடு வைத்தேன். அக்கா மூன்று ஸ்பேடு வைத்து, அதையே டிரம்பாக ஒத்துக்கொண்டார். ஸ்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கிளாவர் ஏஸைக் காட்ட நாலு கிளாவர் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பச்சை பாஸ் அட்டையை எடுத்து வைத்தார்.

இருமக்கூட முடியாது; விதி அப்படி. அடுத்தவரும் பாஸ். கிளாவரில் என்னிடம் இரண்டு சீட்டு, அக்காவிடம் இரண்டு. மற்ற ஒன்பதும் எதிராளிகளிடம். ஒவ்வொரு பிடியாக அவர்கள் எடுத்துக்கொண்டே போனார்கள். போட்டியில் எல்லா மேஜைக்கும் ஒரே சீட்டுதான்; மற்ற மேஜைகளில் அதற்கு ஆறு ஸ்பேடு, அதாவது ஸ்லாம், ஜெயித்திருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தக்கலை தாண்டியதும் அக்கா என் கையைத் தொட்டார்.

"ஏட்டி, போட்டி நாளைக்கா? நான் அந்தப் புது முறைய ஒருக்கா பாக்கணும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு, "பாக்கலாம் அக்கா," என்றேன்.

கத்தாரிலிருந்து அக்காவின் மகன் வந்து அவரைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மறதி நோய்தான், கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஆன்ட்டி, எப்பம் முதலே இப்பிடி? நீங்க கூடவே இருந்தியளே," என்று கேட்டான். மூன்று மாதம் கண்ணெதிரே பார்த்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? தெரியாது என்றேன்.

பழைய முறைக்கே திரும்பினோம். மாடியில் சனிக்கிழமைதோறும் ஆடினோம். சில வாரம் ஓடியது. ஒருநாள் நான் நாலு நோ டிரம்ப் வைத்தபோது, அக்கா ஏல அட்டைகளை விட்டுவிட்டுத் தன் பதின்மூன்று சீட்டையும் முகம் மேலே தெரிய மேஜையில் பரப்பினார். எதிரே இருந்த இரண்டு ஆண்களும் தங்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ குடிக்கலாம் என்று எழுந்தார்கள்.

அதன்பின் அவர் மாடிக்கு வரவில்லை. வக்கீல் எனக்கு வேறு ஜோடி பார்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். புதன்கிழமைகளில் குழித்துறையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். இருவருக்கும் சீட்டுப் போடுகிறேன். இனம் பிரித்து, பெரியது முதல் சிறியது வரை அழகாக அடுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

"இனி என்னட்டி செய்யணும்?" என்று கேட்கிறார்.

நான் என் பதின்மூன்று சீட்டையும் முகம் மேலே தெரிய மேஜையில் பரப்புகிறேன்.